பனிக்கட்டி மேல் காசு

ஃப்ரீசர் வந்த அன்று அதை வாசல் வழியாக உள்ளே கொண்டுவர முடியவில்லை. மூடிப்போன ஐஸ்கிரீம் கடையிலிருந்து வாங்கியது. ஒரு ஆள் உள்ளே படுத்துக்கொள்ளலாம், அத்தனை நீளம். அண்ணன் கதவைக் கீலோடு கழற்றி வைத்தான். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு குழந்தையின் படம் ஒட்டியிருந்தது. குழந்தை கையிலிருந்த ஐஸ்கிரீம் கிழிந்துபோய், நீட்டிய நாக்கு மட்டும் மிச்சமிருந்தது.

அம்மா நாற்காலியை விட்டு எழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். “சவப்பெட்டி வந்தாச்சு. யாரை வைக்கப் போறீங்க?”

“உங்களைத்தான் அத்தை,” என்றாள் அண்ணி. “காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கணும்.”

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, சிரித்ததற்காகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அண்ணி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெந்நீரில் அலசி, பெரிய உருளையில் விட்டு இஸ்திரி போடும் இடம். அங்கே வேன் ஓட்டுகிறவர் வராத நாட்களில் அண்ணி வேனை எடுப்பாள். அப்படி எடுத்து எடுத்து, பெரிய வண்டி ஓட்டும் உரிமமும் வாங்கிவிட்டாள். அதை வைத்துப் பேருந்து ஓட்டும் வேலைக்கு எழுதிப் போட்டாள். கூப்பிட்டும்விட்டார்கள். ஆனால் முதலில் எட்டு வாரம் வேறு ஊரில் தங்கிப் பயிற்சி. நடுவில் விடுப்பு கிடையாது. சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள்.

கடிதம் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணன் அதை இரண்டு தரம் படித்தான். கண்ணாடி அறுக்கிற வேலை அவனுக்கு. விரல் நுனியெல்லாம் கீறல். காகிதத்தையும் கண்ணாடி மாதிரி ஓரமாகத்தான் பிடிப்பான்.

“எட்டு வாரம் யார் சமைக்கிறது?”

“முப்பது வருஷம் நின்னாச்சு அந்த அடுப்புல,” என்றாள் அம்மா. “என் முழங்கால் ரெண்டும் அங்கேயே போச்சு. இனிமே என்னை நிக்கச் சொல்லாதீங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உடனே பார்வையை எடுத்தும்விட்டார்கள். எனக்குச் சமைக்க வராது என்பது எங்கள் வீட்டில் தீர்ந்துபோன விஷயம். ஒரு தடவை சுடும் எண்ணெயில் ஈரக் காயைக் கொட்டி, ஜன்னல் திரை பற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு சோறு வைக்கவும் வெந்நீர் போடவும் மட்டும்தான் எனக்கு அனுமதி. பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதைப் பற்றி வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. அம்மா என்னை ஊமச்சி என்பாள். அண்ணி மட்டும் வாயாடி என்று கூப்பிடுவாள். அவள் ஒருத்தியிடம் நான் அப்படித்தான் இருந்தேன்.

“நான் சமைச்சு வச்சுட்டுப் போறேன்,” என்றாள் அண்ணி.

“ரெண்டு மாசச் சோத்தையா?”

“குழம்பு, பருப்பு, காய் எல்லாம். சோறு வாயாடி வச்சுப்பா. நாளுக்கு ஒரு பெட்டி. மதியத்துக்கும் ராத்திரிக்கும் அதுவே. ஐம்பத்தாறு பெட்டி.”

அண்ணன் சிரித்தான். அவனுக்குக் கோபம் இல்லை, இது நடக்காது என்கிற நிம்மதிதான். “சரி. வச்சுட்டுப் போ. ஆனா ஒரு வேளை தப்பினாலும் துணிப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துடணும்.”

“தப்பாது.”

“தப்பினா?”

“வந்துடுறேன்.”

விளையாட்டாகச் சொன்னதுதான். எங்கள் வீட்டில் விளையாட்டாகச் சொன்னதைத்தான் யாரும் மறக்க மாட்டார்கள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை சமைத்தோம். சலவைக்கூடத்து உணவகத்திலிருந்து இரண்டு பெரிய அண்டாக்களை அண்ணி கேட்டு வாங்கி வந்திருந்தாள். விடிந்ததும் வெங்காயம் உரிக்க ஆரம்பிப்போம். மத்தியானத்துக்குள் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி பிடித்துவிடும். அண்ணன் உள்ளே வந்து பார்ப்பான், கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்விடுவான். அம்மா முன்னறையில் இருந்தபடியே, “ஊர்ல யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்பாள்.

எனக்குத் தெரியாமல் இருந்தது எவ்வளவோ. உருளைக்கிழங்கு போடக் கூடாது, உறைந்து இளகினால் மணல் மணலாகிவிடும். உப்பு ஒரு கை குறைவாகப் போடவேண்டும். கீரையைக் கடைசியில் போட்டு உடனே இறக்கவேண்டும். பெட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது, இரண்டு விரல் இடம் விடவேண்டும். இல்லாவிட்டால் உறையும்போது வீங்கி மூடியைத் தள்ளிவிடும். இதெல்லாம் அண்ணிக்கும் முன்னால் தெரிந்ததில்லை. முதல் ஞாயிறு மூன்று மூடி வெடித்த பிறகுதான் இரண்டு விரல் கணக்கு வந்தது.

எல்லாவற்றையும்விட அவள் பயந்தது சூட்டுக்கு. சூடாக உள்ளே வைத்தால் அந்தப் பெட்டியும் கெடும், பக்கத்துப் பெட்டியையும் கெடுக்கும் என்பாள். குளியலறையில் மூன்று வாளியில் தண்ணீர் நிரப்பி, அதில் பெட்டிகளை மிதக்கவிடுவோம். தண்ணீர் வெதுவெதுப்பானால் கொட்டிவிட்டு வேறு பிடிப்போம். கடைசியில் அண்ணி ஒவ்வொரு பெட்டியையும் எடுத்து, துடைத்து, அதன் அடிப்பக்கத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள்.

“கையை நம்பக் கூடாது வாயாடி. நாள் பூரா இஸ்திரி போட்டுப் போட்டு என் கைக்குச் சூடே தெரியறதில்ல. கன்னம்தான் உண்மை சொல்லும்.”

ஐம்பத்தாறு பெட்டியையும் அப்படித்தான் வைத்தாள். ஒன்றைக்கூடச் சூடாக வைக்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சீட்டு எழுதி ஒட்டுவது என் வேலை. முதல் நாள், பருப்பு. இரண்டாம் நாள், முட்டைக் குழம்பு. முப்பத்து நான்காம் நாள், கோழி. எழுதும்போது அண்ணி அண்டா மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடுப்படியில் பேருந்து ஓட்டுவாள். “உள்ள போங்க, உள்ள போங்க. வாசல்ல நிக்காதீங்க. அம்மா, அந்த முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க.” முன்னறையிலிருந்து அம்மா, “கேக்குது, கேக்குது,” என்பாள்.

கடைசி ஞாயிறு எல்லாம் முடிந்த பிறகு ஒரு கோப்பையில் தண்ணீர் பிடித்து ஃப்ரீசரில் வைத்தாள். மறுநாள் அது உறைந்ததும், பனிக்கட்டியின் மேல் ஒரு காசை வைத்தாள்.

“இது எதுக்கு?”

“காவல்காரன். நடுவுல கரன்ட் போய் எல்லாம் உருகி, அப்புறம் மறுபடி உறைஞ்சுதுன்னு வை. பார்த்தா ஒண்ணும் தெரியாது, கல்லு மாதிரி அப்படியேதான் இருக்கும். ஆனா தண்ணி உருகினப்போ காசு அடியில போயிருக்கும். காசு மேல இருந்தா சாப்பிடலாம். அடியில இருந்தா ஒண்ணையும் வாயில வைக்காத. மொத்தத்தையும் கொட்டிடு.”

“கொட்டினா நீங்க வந்துடுவீங்களா?”

“கரன்ட் போறது என் தப்பா?” என்றாள், அண்ணன் பக்கம் திரும்பி.

அவன் அன்று கழற்றி மாட்டிய வாசல் கதவின் கீலை இறுக்கிக்கொண்டிருந்தான். வாயில் திருகாணி. “கரன்ட் போனா அது வேற. கடையில வாங்கித் தின்னுக்குறோம். உன் சமையல் கெட்டாத்தான் பேச்சு.”

அது நியாயமாகத்தான் இருந்தது. அண்ணனை யாரும் அநியாயக்காரன் என்று சொல்ல முடியாது.

ஒரு திங்கட்கிழமை அவள் போனாள்.

முதல் வாரம் அம்மா தினமும் கேட்டாள், “இன்னிக்கு எந்தப் பொணத்தை எடுக்கப் போற?” ஆனால் தட்டைச் சுரண்டிச் சாப்பிட்டாள். அண்ணன் இன்னொரு கரண்டி கேட்பான். நான் காலையில் பெட்டியை எடுத்து வெளியே வைப்பேன். பிறகு பாத்திரத்தில் கவிழ்த்துக் கொதிக்க வைப்பேன். அதோடு என் நாள் முடிந்துவிடும். அண்ணன் வேலைக்குப் போய்விடுவான். அம்மா டிவி முன்னால். வீட்டில் ஒருவர் பேச்சு எனக்குத் தேவைப்படாது, என் பேச்சும் ஒருவருக்கும் தேவைப்படாது. சில நாள் மாலையில் அண்ணி போன் செய்யும்போதுதான், அன்று நான் பேசும் முதல் வார்த்தை அதுதான் என்று தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கவேண்டியிருக்கும்.

தினமும் ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். முதலில் அண்ணன், பிறகு அம்மா, கடைசியில் நான். முதல் இரண்டு வாரம் நிறையப் பேசினாள். விடுதிக் கட்டில் ஆடுகிறது, சோறு வேகவில்லை, உன் ஞாபகமாக இருக்கிறது. மூன்றாவது வாரம் அவள் பின்னால் வேறு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. “இரு வாயாடி, இவளுங்க உயிரை வாங்குறாளுங்க,” என்பாள். குரலில் ஒரு துள்ளல். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஒரு நாள் அண்ணனிடம் பேசிவிட்டு வைத்துவிட்டாள். போனுக்காகக் கை நீட்டிக்கொண்டு நின்றேன். மறுநாள், “தூங்கிட்டேன்டி, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு,” என்றாள்.

இருபத்தெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்க நடைக்குப் போனேன். அங்கேதான் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அருகில் ஃப்ரீசர் இருந்தது. அதன் மூடியில் உட்கார்ந்து பேசுவது என் வழக்கம்.

“ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாத.”

“நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?”

“அதுவும் சரிதான். இங்க பாஸ் பண்ணவங்களை முதல் வருஷம் இந்த ஊர்லயே போடுவாங்களாம். வீடு கூடத் தர்றாங்களாம். உங்க அண்ணன்கிட்ட நேர்ல வந்துதான் பேசணும். கண்ணாடி வேலை எங்கேயும் கிடைக்கும்ல? என்ன சொல்ற?”

ரொம்ப நல்லது என்றேன். போன் வைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கீழே பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. இன்னும் இருபத்தெட்டு பெட்டி. தீர்ந்தால் அவள் வருவாள் என்று தினமும் ஒன்று ஒன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். தீர்ந்தால் அவள் வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். நான் இந்த நடையில் அம்மாவோடு இருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போனாள், இரண்டு நாளில் வருவதாக. அண்ணன் ஏழு மணிக்குக் கிளம்பினான். நான் சோறு வைத்தேன். தரை துடைத்தேன். பிறகு நடைக்குப் போய் ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கினேன்.

உறுமல் நின்றது. இத்தனை நாள் அது கேட்டுக்கொண்டிருந்ததே நின்ற பிறகுதான் தெரிந்தது.

ஒரு வேளை தப்பினால் வந்துவிடவேண்டும். அது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வந்தால் என்ன ஆகும், அவளுக்கு என்ன போகும் என்று நினைக்கவில்லை. நினைத்தேன். நினைத்தும்தான் பிடுங்கினேன்.

அவ்வளவு பெரிய பெட்டி லேசில் சூடேறாது. மாலை திறந்து பார்த்தால் எல்லாம் கல்லாகவே இருந்தது. புதன்கிழமை காலை மேல் வரிசை மட்டும் ஓரத்தில் இளகியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மூடியைத் திறந்தே வைத்துவிட்டேன். நல்ல வெயில் நாள். மத்தியானத்துக்குள் பெட்டியைத் தட்டினால் உள்ளே குழம்பு ஆடியது. என் சீட்டுகளில் எழுத்து கசிந்து ஓடியது. கோப்பையில் காசு அடியில் கிடந்தது.

மாலை அண்ணன் வந்தான். ஏழு மணிக்கு போன் அடித்தது. எடுத்தவன் காதில் வைத்த கையோடு என்னிடம் நீட்டினான். “உன்கிட்டதான் முதல்ல பேசணுமாம்.”

“வாயாடி!” கத்தினாள். “இன்னிக்கு ரோட்டுல எடுத்தேன்! மைதானத்துல இல்ல, நிஜ ரோட்டுல! ஆளுங்களை ஏத்திக்கிட்டு! ஒரு பாட்டி இறங்கும்போது என் தோளைத் தட்டி, நல்லா ஓட்டுற பொண்ணேன்னு சொல்லிட்டுப் போனாங்கடி. உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன். உங்க அண்ணனுக்கு இதெல்லாம் புரியாது. கேக்குதா? ஏய், இருக்கியா?”

“இருக்கேன் அண்ணி.”

போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டு நடைக்கு ஓடினேன். மூடியை இறக்கினேன். பிளக்கைச் சொருகினேன். இரண்டு தடவை தவறிப்போனது. உறுமல் வந்தது.

கொட்டிவிடவேண்டும். அவள் சொல்லியிருந்தாள். கொட்டினால் ஏன் என்று கேட்பார்கள். கரன்ட் போனது என்று சொன்னால், தெருவில் வேறு யாருக்கும் போகவில்லையே என்பாள் அம்மா. நான் பிடுங்கினேன் என்று சொல்லவேண்டியிருக்கும். அதைச் சொல்லும் வாய் எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் பழையபடி கல்லாகிவிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவள் சொன்னது சரிதான். காவல்காரன் மட்டும் அடியில் உறைந்து கிடந்தான். கோப்பையை வெந்நீரில் வைத்து உருக்கி, காசை எடுத்துத் துடைத்தேன். புதுத் தண்ணீர் பிடித்து உறையவைத்தேன். சனிக்கிழமை காலை காசை அதன் மேல் வைத்தேன். கசிந்த சீட்டுகளைப் பிய்த்துப் போட்டுப் புதிதாக எழுதி ஒட்டினேன்.

வியாழனன்று பருப்பை நான்தான் முதலில் சாப்பிட்டுப் பார்த்தேன். அம்மா பெரியம்மா வீட்டிலிருந்து வருவதற்கு முன் ஒரு தட்டு முழுக்க. ஒன்றும் ஆகவில்லை. வெள்ளியன்று பயறு. ஒன்றும் ஆகவில்லை. நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும், இன்னும் மூன்று வாரம், அவள் முடித்துவிடுவாள் என்று நினைத்தேன். முதலில் அவளை வரவழைக்கப் பார்த்தவள், இப்போது அவளை வரவிடாமல் இருக்க அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அந்தச் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை முப்பத்து நான்காம் நாள். கோழி.

அண்ணனுக்கு ஒரு கடையில் கண்ணாடி மாட்டும் வேலை இருந்ததால் வெளியே சாப்பிட்டுவிட்டான். அம்மா மதியமும் சாப்பிட்டாள், இரவும் சாப்பிட்டாள். “மகாராணி இதை மட்டும் நல்லா வச்சிருக்கா,” என்று எலும்பை உறிஞ்சினாள். எனக்குக் கோழி இறங்கவில்லை. குழம்பை மட்டும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

ஞாயிறு விடியும்போது நான் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தேன். அம்மா எத்தனை தடவை என்று தெரியவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்து, கூப்பிட்டால் திரும்பக்கூட முடியவில்லை. அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கெட்டுப்போன உணவு என்றார் மருத்துவர். அண்ணன் அங்கே வராந்தாவில் நின்றே போன் செய்தான்.

“உன் சோத்தைத் தின்னுட்டு அம்மா படுத்த படுக்கையா கிடக்கு. கிளம்பி வா.”

அண்ணி திங்கள் மத்தியானம் வந்தாள். கையில் சின்னப் பை, இரண்டு நாளுக்கான துணி. நீலக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. அந்த உடுப்போடே கிளம்பியிருந்தாள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு அண்ணனோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா தேறிவிட்டாள், ஆனால் அண்ணியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாளாம். வாசலிலேயே அண்ணி சொல்லிக்கொண்டு வந்தாள், “கரன்ட் போயிருக்கும். நிச்சயமா போயிருக்கும். காசைப் பார்த்தா தெரிஞ்சுடும்.”

“பாரு,” என்றான் அண்ணன். “காசு அடியில இருந்தா நாளைக்குச் சாயங்காலம் நானே உன்னை வண்டி ஏத்தி விடறேன். புதன்கிழமை நீ அங்க நிக்கலாம், பேரை அடிக்க மாட்டாங்க.”

மூவரும் நடைக்குப் போனோம். அண்ணி மூடியைத் தூக்கினாள். குளிர்ப் புகை எழுந்து அடங்கியது. கோப்பையை எடுத்தாள்.

காசு மேலே இருந்தது.

அவள் அதை விரலால் தொட்டாள். நகத்தால் சுரண்டினாள். கோப்பையைத் திருப்பி அடியைப் பார்த்தாள், இன்னொரு காசு இருக்குமோ என்பதுபோல. அண்ணன் பெருமூச்சு விட்டான், அவ்வளவுதான்.

“இல்லங்க. நான் ஒவ்வொண்ணையும் ஆற வச்சேன். கன்னத்துல வச்சுப் பார்த்துத்தான் உள்ள வச்சேன். இவளைக் கேளுங்க. இவ கூடவே இருந்தா.” என் பக்கம் திரும்பினாள். “சொல்லுடி. எல்லாம் ஆறினப்புறம்தானே வச்சோம்?”

ஆமாம் என்று சொன்னால் போதும். பிறகு ஏன் கெட்டது என்று கேட்பார்கள். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேள்வி கேட்டு நான் பதில் சொல்லி வருஷக்கணக்காகிறது. தொண்டை அடைத்தது. அடைத்துக்கொண்டே இருந்திருக்கலாம். அன்றைக்கு மட்டும் திறந்துகொண்டது.

“அந்தக் கோழி மட்டும்… கொஞ்சம் சூடா இருந்துச்சு அண்ணி.”

ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது.

“பாத்தியா,” என்றான் அண்ணன் மெதுவாக. “வாயே திறக்காதவ சொல்றா.”

அண்ணி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. எதையோ நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிற முகம். அந்தக் கடைசி ஞாயிறு, அந்தக் களைப்பு, வாளித் தண்ணீர், வரிசையாகப் பெட்டிகள். தேடினால் எவருக்கும் ஒரு சந்தேகம் கிடைக்கத்தான் செய்யும். அவளுக்கும் கிடைத்தது.

“அப்படியா,” என்றாள். “கடைசிப் பெட்டிங்க… ரொம்பக் களைச்சுப் போயிருந்தேன். இருக்கும்.” பிறகு, “அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லடி. சரி விடு. நீ எங்க சொல்லுவ.”

அந்த உடுப்பை மாற்றாமலே மிச்சமிருந்த இருபத்திரண்டு பெட்டிகளையும் வெளியே எடுத்தாள். வாளியில் போட்டு இளக்கி, ஒவ்வொன்றாகக் கொல்லையிலிருந்த குப்பைக்குழியில் கொட்டினாள். நான் எழுதிய சீட்டைக் கவனமாகப் பிய்த்து ஓரமாக வைத்தாள். முப்பத்தைந்தாம் நாள், முட்டை. நாற்பதாம் நாள், கீரை. ஐம்பத்தாறாம் நாள் பெட்டியில் என்ன இருந்தது என்று நான் எழுதவில்லை. அந்தச் சீட்டில் ‘அண்ணி வருகிற நாள்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். புதிதாக ஒட்டியபோதும் அப்படியேதான் எழுதினேன். அதைப் படித்தாள். மற்றவற்றோடு வைத்தாள். பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாள்.

நான் கூட நின்று துடைத்துக் கொடுத்தேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் நினைத்தேன். இந்தப் பெட்டி முடிந்ததும் சொல்லலாம். அடுத்தது முடிந்ததும். செவ்வாய் மாலைவரை நேரம் இருந்தது. செவ்வாய் மாலை அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். “நான் செத்தப்புறம் எந்தப் பஸ்ஸை வேணும்னாலும் ஓட்டிக்கோ தாயே,” என்றாள். அண்ணி கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போனாள். புதன் வந்தது. புதனும் போனது.

சலவைக்கூடத்தில் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், வேன் இல்லாமல். வேனுக்கு வேறு ஆள் வந்திருந்தான். வேலை முடிந்து வந்து தினமும் புதிதாகச் சமைக்கிறாள். மிஞ்சினால் கொட்டிவிடுகிறாள். ஒரு கரண்டி பருப்பைக்கூட மறுநாளைக்கு வைப்பதில்லை. ஃப்ரீசரின் பிளக்கை அண்ணன் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டான். உள்ளே அம்மாவின் பழைய போர்வைகள் இருக்கின்றன. நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. அண்ணி வீட்டில் இருக்கிறாள். என்னிடம் பேசவும் செய்கிறாள், சோறு வச்சியா, துணி எடுத்தியா, என்று. வாயாடி என்று மட்டும் கூப்பிடுவதில்லை. கோபத்தில் இல்லை. அவளுக்கு மறந்துவிட்டது.

போன வாரம் அம்மாவின் மருந்து வாங்க நானும் அவளும் பேருந்தில் போனோம். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். வெளியே பார்க்கவில்லை. ஓட்டுநரின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வளைவில் சைக்கிள்காரன் ஒருவன் குறுக்கே வந்தான். ஓட்டுநர் மிதிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அண்ணியின் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. செருப்பின் நுனி வளைந்தது. பேருந்து நின்றது.

பிறகு தன் காலைப் பார்த்தாள். நான் பார்த்தேனா என்று என்னைப் பார்த்தாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.